ஏஐ அறிமுகப் பாடத்தில் முதல் பாதியை மேலோட்டமாகப் படித்தால் போதுமா?

கேள்வி: அம்பத்தூர் அக்கவுண்ட்ஸ்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பி.எஸ்சி. கணிதம் முடித்துப் பல வருடம் ஆகிறது. இப்போது வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் கணினி மேற்படிப்பு. இந்த செமஸ்டரில் செயற்கை நுண்ணறிவு அறிமுகப் பாடம் எடுத்திருக்கிறேன்.

சிலபஸில் முதல் பாதி முழுக்க சர்ச் (தேடல் முறைகள்), ஆட்டங்கள், லாஜிக். நியூரல் நெட்வொர்க் கடைசி யூனிட்டில்தான் வருகிறது. "அதெல்லாம் பழசு, நேரா மெஷின் லேர்னிங்குக்குப் போ" என்று ஆபீஸில் சொல்கிறார்கள். எனக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமையும், பிள்ளைகள் தூங்கிய பிறகு கொஞ்ச நேரமும்தான். பைத்தானில் லூப், ஃபங்ஷன், லிஸ்ட் வரை தெரியும். முதல் பாதியைப் பரீட்சைக்கு மட்டும் பார்த்துக்கொண்டால் போதுமா? கணக்கில் எதைத் தூசி தட்ட வேண்டும்?

பதில்: பெசன்ட் நகர் வாத்தியார்

வணக்கம் அம்மா. பொறியியல் கல்லூரியில் இந்தப் பாடத்தைப் பல வருடம் நடத்தினவன் நான். முதல் பாதியைத்தான் நீங்கள் நன்றாகப் படிக்க வேண்டும். ஒரு பிரச்சினையை எடுத்து, இப்போதைய நிலை என்ன, அடுத்து என்னென்ன செய்யலாம், எங்கே போய்ச் சேர வேண்டும், ஒவ்வோர் அடிக்கும் செலவு எவ்வளவு என்று பிரித்து எழுதும் பழக்கம் அங்கேதான் வருகிறது. அது வராமல் லைப்ரரியை இறக்கி மாடல் ஓட்டினவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். விடை தவறாக வரும்போது எங்கே தேடுவதென்றே அவர்களுக்குத் தெரிவதில்லை.

மிகக் குறுகிய வழியைத் தேடும் ஏ ஸ்டார் அல்காரிதத்தை எங்கள் பகுதியை வைத்தே சொல்கிறேன். எலியட்ஸ் பீச்சிலிருந்து பட்டினப்பாக்கம் போக வேண்டும். கரையோரமாக வடக்கே போனால் அடையாறு முகத்துவாரம். அங்கே இருப்பது உடைந்த பாலம். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும், ஆனால் போக முடியாது. நேர்க்கோட்டுத் தூரத்தை மட்டும் பார்த்து வழி தேடும் முறை முதலில் அந்த உடைந்த பாலத்தில் போய் முட்டி நிற்கும். ஏ ஸ்டார் அதுவரை வந்த தூரத்தையும் இன்னும் இருக்கும் தூரத்தின் மதிப்பீட்டையும் (இங்கே நேர்க்கோட்டுத் தூரம்) கூட்டிப் பார்க்கிறது. அந்தப் பக்கமும் கொஞ்சம் தேடும். வழியில்லை என்றதும் திரு.வி.க. பாலத்துக்குத் திரும்பிவிடும். சாலைத் தூரம் நேர்க்கோட்டைவிடக் குறையவே முடியாது, அதனால் நம் மதிப்பீடு எப்போதும் நிஜத்துக்குள்ளேயே அடங்கும். கிடைக்கும் வழிதான் மிகக் குறுகியது என்ற உத்தரவாதம் அதிலிருந்து வருகிறது. இதை ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் 1968-இல் வெளியிட்டார்கள். ஷேக்கி என்ற ரோபோவை உருவாக்கிய குழுவைச் சேர்ந்தவர்கள்.

பழசு என்று ஒதுக்குபவர்களிடம் 'கோ' என்ற பலகை ஆட்டத்தை ஆடும் ஆல்ஃபாகோ நிரலைப் பற்றிக் கேளுங்கள். 2016-இல் கோ ஆட்ட வீரர் லீ செடோலை அது தோற்கடித்தபோது நியூரல் நெட்வொர்க்கோடு மர வடிவத் தேடலும் சேர்ந்தே வேலை செய்தது.

கணக்கில் முதலில் நிகழ்தகவு. உங்கள் வேலையை வைத்தே போட்டுப் பாருங்கள். 1000 பில்லில் 10 தப்பானவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மென்பொருள் அந்த 10-இல் 9-ஐப் பிடிக்கிறது. சரியான 990-இலும் 9 சதவீதத்தைத் தப்பு என்கிறது, அதாவது சுமார் 89 பில். ஆக, தப்பு என்று காட்டியது 98, நிஜத் தப்பு 9. பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை! பேயஸ் தேற்றம் சொல்வது இதைத்தான். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் இப்படி ஆட்களையும் பில்களையும் எண்ணிப் பழகுங்கள். மேட்ரிக்ஸ் பெருக்கலும் பகுதி வகையிடலும் கடைசி யூனிட்டுக்குத்தான் தேவை, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பதில்: கிண்டி மூணாம் வருஷம்

அக்கா, சார் சொன்னது சரி. பைத்தான் உங்களுக்குத் தெரிந்தவரை போதும், டிக்ஷனரியும் ஹீப்க்யூவும் (மிகச் சிறிய மதிப்பை முதலில் எடுத்துத் தரும் பைத்தான் மாட்யூல்) மட்டும் கூடுதலாகப் பாருங்கள். என்பிடெல் இணைய வகுப்புத் தளத்தில், ஐஐடி மெட்ராஸில் பேராசிரியராக இருந்த தீபக் கேமானியின் சர்ச் பற்றிய பாடம் இருக்கிறது, பார்க்கக் காசு வேண்டாம். அவர் அவசரப்படாமல் சொல்வார், ராத்திரி கேட்க நல்லது.

நாங்கள் மினி புராஜெக்டுக்கு ஆடுபுலி ஆட்டம் எடுத்தோம். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. எதிராளி தனக்கு மிக நல்ல நகர்வையே ஆடுவார் என்று வைத்து நம் நகர்வைத் தேர்ந்தெடுக்கும் மினிமேக்ஸ் எழுதி, முடிவை மாற்றாத கிளைகளைப் பார்க்காமல் விடும் ஆல்ஃபா-பீட்டா சேர்த்தோம். புலி ஆட்டை வெட்டும் நகர்வுகளை முதலில் சோதிக்கும்படி வரிசை மாற்றியதும் நிரல் எவ்வளவோ வேகமானது. நல்ல நகர்வு முன்னால் வந்தால்தான் மற்ற கிளைகளை வெட்டிவிட முடியும். வகுப்பில் கேட்டபோது இது எனக்கு உறைக்கவில்லை, எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. நீங்களும் ஏதாவது ஒன்றை முழுசாக எழுதுங்கள் அக்கா.

அம்பத்தூர் அக்கவுண்ட்ஸ்

ரொம்ப நன்றி சார், நன்றி தம்பி. பில் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்த்தேன், பிடித்துவிட்டது. முதல் பாதியை ஒழுங்காகவே படிக்கிறேன். அப்புறம் ஒரு சந்தேகம்: எட்டுக் கட்டைப் புதிரை (3×3 கட்டத்தில் எட்டு எண் கட்டைகளைக் காலியிடம் வழியே நகர்த்தி வரிசைப்படுத்துவது) ஏ ஸ்டார் முறையில் கையால் போடச் சொல்லி அசைன்மென்ட் வந்திருக்கிறது. இடம் மாறியிருக்கும் கட்டைகளை எண்ணுவதா, மன்ஹாட்டன் தூரமா, எதை மதிப்பீடாக எடுக்கட்டும்?

பெசன்ட் நகர் வாத்தியார்

மன்ஹாட்டன் எடுங்கள் அம்மா. ஒவ்வொரு கட்டையும் தன் இடத்துக்குப் போகக் குறுக்கிலும் நெடுக்கிலும் எத்தனை கட்டம் நகர வேண்டும் என்று எண்ணிக் கூட்டுவதுதான். இடம் மாறிய ஒவ்வொரு கட்டையும் ஒரு கட்டமாவது நகர வேண்டும் என்பதால் இந்த மதிப்பு மற்றதைவிடக் குறையாது, நிஜத்தைத் தாண்டவும் தாண்டாது. எட்ட முடிந்த நிலைகளே 1,81,440 இருக்கின்றன. கையால் போடும்போது மதிப்பீடு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பேப்பர் மிச்சம்.

காலிக் கட்டத்தை மட்டும் கூட்டலில் சேர்க்காதீர்கள். முடிய ஒரே நகர்வு பாக்கி இருக்கும்போது ஒரு கட்டை ஒரு கட்டம் தள்ளியிருக்கும், காலியிடமும் ஒரு கட்டம் தள்ளியிருக்கும். இரண்டையும் கூட்டினால் 2 வரும், நிஜச் செலவோ 1.