‘ஃபெமினைஸ்டு’ விதைக்குத் தமிழில் என்ன பெயர்?

மடல் 1

சொல்லாக்கக் குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்.

ஸ்காபரோவில் எமது முதியோர் சிலர் சேர்ந்து நடத்தும் தோட்டக் குழுவுக்காக, கொல்லைப்புறச் சிறு பசுமைக்குடிலில் விதையிட்டுச் செடி வளர்ப்பதைப் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். தக்காளி, கத்தரி, மிளகாய் என்று வந்த வரையில் சொற்களுக்குக் குறைவில்லை. குழித்தட்டு, நாற்றழுகல், வித்திலை எல்லாம் தமிழ்நாட்டு வேளாண்மை நூல்களிலேயே அழகாகக் கிடைக்கின்றன. இடறியது கடைசிப் பகுதியில்தான். அது கஞ்சாச் செடியைப் பற்றியது.

கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டதாகிவிட்டது. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர்கள், உரிமம் பெற்ற கடையில் விதை வாங்கி, ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்த்துக்கொள்ளலாம். (கியூபெக்கில் வீட்டில் வளர்க்கத் தடை, அத்தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.) அந்தக் கடைகளில் விற்கும் விதைப் பொட்டலங்களில் ‘ஃபெமினைஸ்டு’ (feminized), அதாவது பெண்செடியாகவே முளைக்கும் விதை, என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் அதைப் ‘பெண்மைப்படுத்தப்பட்ட விதை’ என்று எழுதினேன். படியைப் படித்துப் பார்த்த என் மாமா, “பிள்ளை, விதைக்குப் பொட்டும் பூவும் வைத்து விடுகிறார்களோ?” என்று கேட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை என்னாலும் சிரிக்காமல் படிக்க முடியவில்லை. வேறு சொல் ஒன்று தந்து உதவுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து

மடல் 2

அன்புள்ள அம்மையீர்க்கு வணக்கம்.

தங்கள் மாமா சிரித்ததில் நியாயம் இருக்கிறது. சொல் அழகாக இல்லை என்பது மட்டும் குறையாக இருந்தால் பழகப் பழகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடலாம். அது பொருளையே தலைகீழாகச் சொல்கிறது என்பதுதான் என் மறுப்பு. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி உரிமமின்றி இச்செடியைப் பயிரிடுவது குற்றம் என்பதால், எனக்குத் தெரிந்தது தாவரவியல் வழியே தெரிந்ததுதான், கைப்பழக்கத்தால் தெரிந்தது அன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கஞ்சா, பனையைப் போல ஆண் வேறு பெண் வேறாக நிற்கும் செடி. பாடநூல்கள் இதனை ‘ஈரில்லத் தாவரம்’ என்கின்றன. அதன் ஆங்கிலப் பெயருக்கு (dioecious) மூலமான கிரேக்கச் சொல்லில் வீடு இருந்தது என்பதற்காகத் தமிழிலும் ஒரு வீட்டைக் கட்டி வைத்திருக்கிறோம். ஆண்பனை, பெண்பனை என்று சொல்லிப் பழகிய உழவனுக்கு அந்த வீடு எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அது நிற்க. பயன்படுவது பெண்செடியின் பூங்கொத்து; ஆண்செடியின் மகரந்தம் காற்றில் பறந்து அதன்மேல் பட்டால் கொத்து முழுவதும் விதை பிடித்துவிடும். ஆறடிக்கு எட்டடிக் குடிலுக்குள் ஓர் ஆண்செடி கவனிக்கப்படாமல் பூத்துவிட்டால் உடனிருக்கும் மற்றவை அனைத்தும் கெட்டன. சாதாரண விதையில் ஏறத்தாழ பாதி ஆணாகத்தான் முளைக்கும். அதுவும் முளைத்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்துக் கணுவில் முதற்பூ தலைகாட்டும் வரை எது எது என்று தெரியாது. நான்கே செடி என்று சட்டம் சொல்லும் இடத்தில் இரண்டைப் பிடுங்கி எறிய நேர்ந்தால் என்ன மிஞ்சும்? பெண்ணாக மட்டுமே முளைக்கும் விதைக்கு அங்கே மதிப்பு ஏற்பட்டது இதனால்தான்.

ஆண்செடியைக் களைவது புதிய வழக்கமும் அன்று. 1893–94இல் இந்தியச் சணல் மருந்து ஆணையம் கஞ்சாவைப் பற்றி விசாரித்தபோது, அன்றைய வங்காளத்தின் நௌகானில் ஆண்செடி பார்த்துப் பிடுங்குவதற்கென்றே தேர்ச்சியாளர்களை உழவர்கள் கூலிக்கு அமர்த்தி வந்ததைப் பதிவு செய்திருக்கிறது. நம் பப்பாளித் தோட்டங்களிலும் இருபது பெண்மரத்துக்கு ஓர் ஆண்மரம் விட்டு மீதியை வெட்டிவிடுவார்கள்.

இனி அந்த விதை எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். சொல்லைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான். நம் ஊரில் பாகல், புடலை, பூசணிக் கொடிகளுக்குப் பெண்பூ மிகுதியாக வரவேண்டும் என்று எத்ரல் என்னும் வளர்ச்சி ஊக்கியைத் தெளிப்பார்கள். பத்து லிட்டர் நீருக்கு இரண்டரை மில்லி கலந்து, விதைத்த பத்துப் பதினைந்து நாளில் தொடங்கி வாரம் ஒரு முறையாக நான்கு முறை. எத்ரல் செடிக்குள் எத்திலீன் என்ற வாயுவாகப் பிரிகிறது. எத்திலீன் பெண்பூவை வரவழைக்கிறது. கஞ்சா விதை செய்பவர்கள் இதற்கு நேர் எதிரான வழியில் போகிறார்கள். ஒரு பெண்செடியை எடுத்துக்கொண்டு, வெள்ளிச் சேர்மம் ஒன்றால் அதனுள் எத்திலீன் வேலை செய்யாதபடி தடுக்கிறார்கள். அப்போது அந்தப் பெண்செடியிலேயே ஆண்பூ பூக்கிறது. அந்தப் பூவின் மகரந்தம் பெண்ணுடலில் பிறந்தது. ஆண் குரோமோசோம் (தங்கள் இலங்கைத் தமிழில் நிறமூர்த்தம்) அதில் இல்லை. அதைக் கொண்டு இன்னொரு பெண்ணைச் சூலுறச் செய்தால், பிறக்கும் கன்றுகள் ஏறத்தாழ எல்லாமே பெண்.

ஆக, இந்த வேலையில் எதையேனும் எதுவாகவோ ஆக்கினார்கள் என்றால், பெண்செடியை ஆண்பூப் பூக்கவைத்தார்கள், அவ்வளவே. விதையைப் பிடித்து யாரும் பெண்ணாக்கவில்லை. திருவோத்தூரில் காய்க்காத ஆண்பனைகள் சம்பந்தர் பாடியவுடன் குலை ஈன்றன என்று சொல்கிறோமே, ‘பெண்ணாக்கம்’ என்ற சொல்லை அந்த அற்புதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பொட்டலத்து விதைக்கு அது பொருந்தாது. ஆங்கிலக்காரர் வணிகத்துக்காகச் சூட்டிய பெயரில் உள்ள பிழையை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

இச்செடிக்குப் பால் பெயரிடுவதில் அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை தடுமாறியவர்கள். நாருக்காக இதைப் பயிரிட்ட பழைய ஆங்கில உழவர்கள், மெலிந்து நின்று மகரந்தம் உதிர்க்கும் ஆண்செடியை ‘ஃபிம்பிள்’, அதாவது பெண் என்றும், தடித்து நின்று விதை தரும் பெண்செடியைக் ‘கார்ல்’, அதாவது ஆண் என்றும் அழைத்தார்கள். மெலிந்தது பெண், தடித்தது ஆண் என்ற கணக்கு. செடிக்கும் பால் உண்டு என்று 1694இல் நிறுவிய ட்யூபிங்கன் நகரத்துக் கமெராரியஸ்கூட, தனியே பிரித்து வைத்த பெண்கஞ்சா விதை பிடித்துவிட்டதே என்று மனம் நொந்தார். பெண்செடி தானாகவும் சில ஆண்பூக்களைப் பூக்கக்கூடியது என்று தெரிந்த நமக்கு அதில் வியப்பில்லை.

எனவே விதை என்ன தரும் என்பதைச் சொல்லும் பெயரே வேண்டும். இதுவரை குழுவில் வந்த முன்மொழிவுகளைப் பார்க்கலாம். ‘பெண்விதை’ சுருக்கமானது, ஆனால் விதையிலேயே ஆண், பெண் என்று இரு வகை பிரித்து விற்பதுபோல் ஒலிக்கிறது. ‘பெண்பால் விதை’ இலக்கண வகுப்பை நினைவூட்டுகிறது. ‘பெண்செடி விதை’ முதலில் எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் பெண்செடியிலிருந்து எடுத்த விதை என்றும் பொருள்படுமே! எல்லா விதையும் பெண்செடியில்தான் விளைகிறது. அந்தப் பெயர் எதையும் பிரித்துக் காட்டவில்லை.

நான் முன்வைப்பது ‘பெண்கன்று விதை’. கன்று விதையிலிருந்து வருவது. கன்றிலிருந்து விதை வருவதில்லை. ஆகவே மேற்சொன்ன மயக்கத்துக்கு இடமில்லை. மாடு வளர்ப்போரும் இப்படித்தான் பேசுகிறார்கள்: கால்நடைத் துறை ‘பாலினம் பிரிக்கப்பட்ட உறைவிந்து’ என்று எழுதினாலும், மாட்டுக்காரர் கேட்பதென்னவோ ‘கிடேரி போடுமா?’ என்றுதான். கன்று என்பது மரத்துக்கும் வாழைக்கும்தான், ஓராண்டுச் செடிக்கு நாற்று என்றே வழங்க வேண்டும் என்று கோவைப் பக்கத்தில் சிலர் சொல்லக்கூடும். தங்கள் வழக்கு என்னவென்று அறிய விரும்புகிறேன்.

இதனோடு சேர்ந்து இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்படும். ஆணும் பெண்ணும் கலந்து முளைக்கும் சாதாரண விதையைக் ‘கலப்பு விதை’ என்றால் கலப்பினத்தோடு குழம்பும்; ‘இயல்விதை’ போதும். பெண்கன்று விதையில் முளைத்த செடியும், பூக்கும் பருவத்து இரவில் குடிலுக்குள் வெளிச்சம் புகுந்தாலோ கடும் வெப்பம் தாக்கினாலோ ஆண்பூவைக் காட்டக்கூடும் என்பதால், அப்படிப்பட்ட செடிக்கும் ஒரு பெயர் வேண்டும். பழைய அகராதிகளில் கிடைக்கும் சொல் மனிதரை இழிக்கப் பயன்பட்டது. அதை நான் எடுக்கமாட்டேன். ‘இருபூச் செடி’ என்றால் கண்ணில் படுவதைச் சொன்னதாகும்.

கோயம்புத்தூரிலிருந்து

மடல் 3

வணக்கம் ஐயா.

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி. கன்று பற்றிய ஐயம் எங்களுக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் மிளகாய்க்கன்று, கத்தரிக்கன்று, பூங்கன்று என்றே சொல்லுவோம். பேச்சில் ‘கண்டு’ என்று வரும். நாற்று என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நெல்தான். மாமாவிடம் ‘பெண்கன்று விதை’ என்று மட்டும் சொல்லி, என்னவென்று விளங்குகிறதா என்று கேட்டேன். “போட்டால் பெண்ணாக வரும், பிடுங்க வேண்டியதில்லை, அதுதானே?” என்றார். விளக்கக் குறிப்பாக நான் எழுதி வைத்திருந்த ஆறு வரியையும் வெட்டிவிட்டேன்.

‘இயல்விதை’யை ஏற்கிறேன். ‘இருபூச் செடி’யில் ஒரு சிறு தடை: பூசணியும் ஒரே கொடியில் இரு பூவும் பூப்பதுதானே, அதையும் அப்படி அழைக்க நேராதா? கஞ்சாவில் இது வழக்கத்துக்கு மாறாக வருவது என்பதால், ‘ஆண்பூக் கண்ட பெண்செடி’ என்று நீட்டியே எழுதலாம் என்று நினைக்கிறேன். கையேட்டில் இரண்டே இடத்தில்தான் வருகிறது. சுருக்கம் அவ்வளவு அவசியமில்லை.

இன்னொரு சிக்கல் மிஞ்சியிருக்கிறது. சில பொட்டலங்களில் ‘ஃபெமினைஸ்டு’ என்பதோடு ‘ஆட்டோ’ என்றும் இருக்கிறது. சாதாரணக் கஞ்சா, ஜூனில் பதினைந்தரை மணி நேரம் வரை நீளும் இங்கத்தைய பகல் குறுகத் தொடங்கிய பிறகே, ஓகஸ்ட் அளவில் பூக்கும். இந்த வகை பகலின் நீளத்தைப் பாராமல், வயது வந்ததும் பூத்துவிடும். 1924இல் ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி ருடெராலிஸ் என்று பெயரிட்ட காட்டுவகையிலிருந்து வந்த குணம் அது. ‘தானியங்கிப் பூப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்ததைக் கண்டேன். செடிக்குள் மோட்டார் பூட்டியதுபோல் இருக்கிறது. ‘பகல்பாராப் பூப்பு’ என்று வைத்து, பொட்டலத்தில் உள்ளதைப் ‘பகல்பாராப் பெண்கன்று விதை’ என்று எழுதலாமா? ஐந்து சொல் ஒன்றாய் நிற்பது கண்ணுக்குக் கனமாக இருக்கிறது. ஆனால் மாமாவிடம் இன்னும் கேட்கவில்லை.

ஸ்காபரோவிலிருந்து