நடு மோட்டரைச் சட்டகத்தில் நிறுத்தும் பாகங்கள்: பிடி, முட்டு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

சைக்கிளுக்கு மின்மோட்டர் பூட்டுவது பற்றிய கையேட்டுக்கு நாம் தமிழ்ச் சொற்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். அதில் மிட் டிரைவ் மோட்டரை, அதாவது பெடல் அச்சில் பூட்டும் நடு மோட்டரை, சைக்கிள் சட்டகத்தோடு சேர்த்து நிறுத்தும் பாகத்துக்கு இதுவரை பொருத்தி, தாங்கி, முறுக்குக் கை என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றோடும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் முன்மொழிவை வைக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'பொருத்தி' மிகப் பொதுவான சொல். சைக்கிளில் விளக்கையும் பொருத்துகிறோம், மணியையும் பொருத்துகிறோம். 'தாங்கி' என்றால் தமிழ்நாட்டு நூல்களில் பேரிங். இலங்கைப் பாடநூல்களில் பேரிங்குக்குப் போதிகை என்ற சொல் இருக்கிறது. கோயில் மண்டபத் தூணின் தலையில் உத்தரத்தை ஏந்தி நிற்கும் அதே போதிகைதான், அருமையான சொல். ஆனால் கோவையில் இருப்பவர் 'மோட்டர் தாங்கி' என்று படித்தால் மோட்டருக்குள் இருக்கும் பேரிங்கைத்தான் நினைப்பார். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இங்கே தாங்குவது ஒரு பிரச்சினையே இல்லை. பாபாங் நிறுவனத்தின் பிபிஎஸ் 02 மோட்டர் ஏறத்தாழ 4 கிலோதான். பின் கரியரில் ஒரு மூட்டை அரிசியை ஏற்றிப்போகும் சைக்கிளுக்கு 4 கிலோ ஒரு பாரமா?

பிரச்சினை சுழற்சியில் இருக்கிறது. இந்த மோட்டர் சட்டகத்துக்குள் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். பெடல் அச்சு ஓடும் குறுக்குக் குழாய்க்குள், அதாவது பொட்டம் பிராக்கெட்டுக்குள், இருப்பவற்றை முழுக்கக் கழற்றி அதை வெறுங்கூடாக்கி விடுகிறோம். மோட்டரின் அச்சை வலப்பக்கத்தால் அந்தக் கூட்டுக்குள் நுழைக்கிறோம். கூட்டின் உள்மரையில் மோட்டர் ஏறுவதில்லை, வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. இடப்பக்கத்தில் வெளியே வரும் அச்சில் ஒரு பல்லுள்ள தகட்டை மாட்டி, அதை இரண்டு போல்ட்டுகளால் மோட்டர் உடலோடு பூட்டி, மேலே 33 மில்லிமீட்டர் மரையுள்ள ஒரு வளையத்தை இறுக்குகிறோம். அவ்வளவுதான். உருண்டைத் துளைக்குள் உருண்டை அச்சு. எந்தக் கோணத்திலும் நிற்கும், எந்தக் கோணத்துக்கும் திரும்பும்.

மோட்டர் பற்சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது அதே அளவு திருப்பம் (டோர்க்) மோட்டர் உடலைப் பின்னோக்கித் தள்ளும். தாக்கத்துக்குச் சமனும் எதிருமான மறுதாக்கம் என்று பள்ளியில் படித்ததுதான். மோட்டர் கூட்டுக்கு முன்னால் தொங்குவதால் அந்தத் தள்ளல் அதை மேல்நோக்கி, சாய்குழாயை (ஹாண்டில் பக்கத்திலிருந்து கூட்டுக்குச் சாய்ந்து இறங்கும் குழாயை) நோக்கித் தூக்குகிறது. திரொட்டிலை விட்டதும் தன் பாரத்தால் கீழே இறங்கப் பார்க்கிறது, பள்ளத்தில் விழுந்தால் இன்னும் இறங்குகிறது. ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. இப்படிக் குறுக்காக நழுவும் அசைவுதான் மரையை எவ்வளவு இறுக்கினாலும் மெல்ல மெல்லக் கழற்றும் என்பதை ஜெர்மன் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் சோதனையால் காட்டினார்.

எங்கள் ஊரான திருகோணமலையில் இந்த மோட்டரை விரும்புவதற்குக் காரணம் உண்டு. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் மூலையில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. அப்புறம் 'இதுக்கு ஒரு மோட்டர் போட்டால் என்ன' என்ற கேள்வியும் வந்தது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீதி சமதரை, சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டரே போதும். பிரட்றிக் கோட்டை வாசலால் உள்ளிட்டுக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில் நடு மோட்டர்தான் ஏறும், ஏனென்றால் அதன் வலு பின் சக்கரத்துக் கியர்கள் வழியாகப் போகிறது. அந்த ஏற்றத்தில்தான் மோட்டர் உடலும் முழுத் திருப்பத்தை வாங்குகிறது.

அப்படி ஏறி இறங்கிய ஒரு சைக்கிளின் கூட்டை, மோட்டரைக் கழற்றிய பிறகு சைக்கிள் கடையில் பார்த்தேன். கூட்டின் இடப்பக்க முகத்தில் தகட்டின் பற்கள் பதிந்த வரிசை ஒன்று. அதன்மேல் அரைப் பல் தள்ளி இன்னொரு வரிசை. இரண்டுக்கும் இடையில் பெயின்ற் மாவாகி, அதற்குள் கடற்காற்றின் துரு செந்நிறமாகக் கலந்திருந்தது. மேலே சாய்குழாயின் அடியில், மோட்டர் வந்து வந்து இடித்த இடத்தில், விரல்நுனி அளவுக்கு உலோகம் பளபளத்தது. கடைக்கார அண்ணை அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இறுக்கம் காணாமல் இல்லைத் தம்பி. பிடி இருக்கு, முட்டு இல்லை. அதுதான் பிழை."

என் முன்மொழிவு அந்த வாக்கியத்திலிருந்துதான் வருகிறது. பாகங்களை இரண்டு குடும்பமாகப் பிரித்துப் பெயரிடுவோம். உராய்வாலும் நெருக்கத்தாலும் நிறுத்துபவை 'பிடி'. வழியை மறித்து நிறுத்துபவை 'முட்டு'. பிடி தளரலாம்: பெயின்ற் நசுங்கினால், துரு உதிர்ந்தால், மரை கழன்றால் தளரும். முட்டு தன் இடத்தில் இருக்கும்வரை மோட்டருக்குப் போக இடமில்லை.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. மோட்டர் உடல்மேல் 100 நியூட்டன் மீட்டர் திருப்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பல் பதியும் கூட்டின் முகம் அச்சு மையத்திலிருந்து ஏறத்தாழ 2 சென்ரிமீட்டரில் இருக்கிறது. அங்கே தடுக்க 5,000 நியூட்டன் வேண்டும், கிட்டத்தட்ட அரை தொன் பாரம். அதே திருப்பத்தை 10 சென்ரிமீட்டர் தள்ளி ஒரு முட்டு தடுத்தால் 1,000 நியூட்டன் போதும். 'முட்டு' என்ற சொல்லைப் பழகிய தொழிலாளி எவ்வளவு தள்ளி முட்டுக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதைக் கணக்கில்லாமலே அறிவார். சாயும் மதிலுக்கு அவர் அப்படித்தான் முட்டுக் கொடுப்பார்.

ஆகவே பல்லுள்ள தகட்டுக்கு 'பற்பிடி'. பல்தகடு என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். புணர்ச்சி விதிப்படி எழுதினால் அது பற்றகடு ஆகிப் படிப்பவரைக் குழப்பும். பற்சக்கரம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் பற்பிடி காதுக்குப் புதிதாக இராது. இறுக்கும் வளையத்துக்கு 'பிடிவளையம்'. மோட்டருக்கும் சாய்குழாய்க்கும் இடையில் வைக்கும் இறப்பர்க் கட்டைக்கு 'முட்டு' என்றே சொல்லிவிடலாம். மோட்டர் உடலிலிருந்து சட்டகக் குழாயைப் பற்றி நிற்கும் உலோகக் கைக்கு 'முட்டுக்கை'.

'முறுக்குக் கை' வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். டோர்க் ஆர்ம் என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதால் வந்தது அது. தமிழில் முறுக்குக் கை என்றால் முறுக்குகிற கை என்றுதான் விளங்கும். இந்தக் கையின் வேலை முறுக விடாமல் நிறுத்துவது.

ஹப் மோட்டரின் டோர்க் ஆர்முக்கும் இதே சொல்லா என்று யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டிருந்தார். அதுவும் மறிக்கிற பாகம்தான். தட்டை வெட்டுள்ள அச்சைக் கவ்விக்கொண்டு மறுமுனையைச் சட்டகக் குழாயில் கட்டுகிறது. எனவே அது 'அச்சு முட்டுக்கை', இது 'மோட்டர் முட்டுக்கை'.

'முட்டு' என்ற சொல்லுக்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். முட்டுக் கொடுப்பது என்பது தமிழ்நாட்டு அரசியல் பேச்சில் வேறு பொருளில் அடிபடுகிறது. எங்கள் பக்கத்தில் முட்டு என்றால் மூச்சிழுப்பு வருத்தமும்தான். ஆனாலும் சைக்கிள் கடையில் நின்றுகொண்டு 'முட்டுக்கை எங்கே?' என்று கேட்டால் யாரும் அப்படி விளங்கிக்கொள்ள மாட்டார்கள். கட்டடத் தொழிலிலும் தச்சிலும் இருகரையிலும் வாழும் சொல் இது. முட்டுக்கட்டை போட்டான் என்றால் மறித்தான் என்று குழந்தைக்கும் தெரியும்.

மற்றச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொட்டம் பிராக்கெட் ஷெல்லுக்கு 'மிதியச்சுக் கூடு' நல்லது. அகலம் போதாத இடத்தில் போடும் வளையத்துக்கு 'இடைவளையம்'. மரையில் பூசும் லொக்டைட் போன்ற திரவத்துக்கு 'மரைப்பசை'. மரைப்பசை வளையம் கழலாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் அதைப் போட்டதால் பிடி முட்டாகிவிடாது. கையேட்டில் இதைத் தனி வரியாகவே எழுத வேண்டும்.

கையேட்டில் 'கூட்டின் முகத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கிய பிறகே பற்பிடியை வைக்கவும்' என்ற வரியும் வரட்டும். கடலோர ஊர்க்காரருக்கு அது மிக முக்கியம். கூட்டின் அகலத்தை முதலில் அளக்கச் சொல்லுங்கள். வழக்கமான பிபிஎஸ் 02 மோட்டர் 68 முதல் 73 மில்லிமீட்டர் அகலக் கூட்டுக்குச் செய்தது. இங்கே இன்னும் ஓடும் பழைய ராலி வண்டிகள் சிலவற்றில் கூடு 76 மில்லிமீட்டர். அதில் பிடிவளையம் கவ்வுவதற்கு மரை மிகக் குறைவாகத்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட வண்டியில் முட்டு இல்லாமல் மோட்டரை ஓடவிடவே கூடாது. முட்டு வைக்கும் இடத்தில் பிரேக் கேபிள் போகிறதா என்றும் பார்க்க வேண்டும், மோட்டர் மேலே எழும்போது நடுவில் நசியும். மெல்லிய அலுமினியக் குழாய் என்றால் முட்டின் முகம் அகலமாகக் குழாயின் வளைவோடு படிய வேண்டும். ஒரு புள்ளியில் முட்டினால் குழாய் நெளியும்.

எனக்குச் சொல் கிடைக்காதது ஒன்று இருக்கிறது. கூட்டிலிருந்து பின் சக்கர அச்சுக்குப் போகும் இரண்டு கீழ்க்குழாய்கள், செயின் ஸ்டே. மோட்டரின் கியர்ப்பெட்டி முதலில் உரசுவது அங்கேதான், ஆகவே பெயர் கட்டாயம் வேண்டும். 'சங்கிலிக்குழாய்' என்றால் சங்கிலி குழாய்க்குள் ஓடுகிறது என்று நினைப்பார்கள். மட்டக்களப்பிலோ மன்னாரிலோ தமிழ்நாட்டிலோ சைக்கிள் கடைகளில் அதற்கு வழங்கும் பெயர் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து