கடைக் கொம்பியூட்டர் எழும்பவே பத்து நிமிடம்: எந்த சேர்விஸை நிறுத்தலாம்?

ஒட்டுசுட்டான் கடை:
வணக்கம். ஒட்டுசுட்டானில் சின்னதாக ஒரு கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, பிறின்ட், தமிழ் ரைப்பிங், பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பங்களை ஒன்லைனில் போட்டுக் கொடுப்பது, இவைதான் வேலை. கொம்பியூட்டர் பழையது. ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இன்டர்நெட் டொங்கிளில்.

காலையில் ஓன் பண்ணினால் டெஸ்க்டொப் வந்துவிடும், ஆனால் கிளிக் பண்ணினால் ஒன்றும் அசையாது. பிறின்ட் எடுக்க வந்த ஆக்கள் மாங்குளம் பஸ் வந்துவிட்டது என்று எழும்பிப் போய்விடுகிறார்கள். விசித்திரம் என்னவென்றால் சில நாட்களில் கெதியாக வருகிறது. முதல் நாள் கரண்ட் நின்றிருந்தால்தான் பத்து நிமிடம் போல இழுக்கிறது.

ஒரு வீடியோவில் நிறுத்த வேண்டிய சேர்விஸ் (திரையில் தெரியாமல் பின்னால் ஓடும் புரோகிராம்) என்று நீளமான பட்டியல் சொன்னார்கள்: பிறின்ட் ஸ்பூலர், ஃபாக்ஸ், டெலிபோனி, ரிமோட் அக்சஸ் கனெக்சன் மனேஜர், விண்டோஸ் சேர்ச், சிஸ்மெயின், விண்டோஸ் அப்டேட். எல்லாவற்றையும் டிசேபிள் பண்ணலாமா?

மல்லாவிப் பொடியன்:
பண்ணுங்கோ அக்கா, ஒன்றும் ஆகாது. நான் என்னுடையதில் இதே பட்டியலைத்தான் போட்டேன், பறக்குது.

ஏ9 ரிப்பெயர்:
தம்பி, நீர் கேம் விளையாடுகிற கொம்பியூட்டர் வேறு, அக்காவின் கடைக் கொம்பியூட்டர் வேறு. உமக்கு பிறின்டரும் இல்லை, டொங்கிளும் இல்லை.

அக்கா, அந்தப் பட்டியலை அப்படியே போட்டால் உங்கள் கடையில் இரண்டு வேலை நின்றுவிடும். பிறின்ட் ஸ்பூலரை நிறுத்தினால் ஒரு பக்கம்கூட பிறின்ட் வராது. ரிமோட் அக்சஸ் என்ற பெயரைப் பார்த்து யாரோ தூரத்திலிருந்து உள்ளே வரும் வழி என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். உங்கள் டொங்கிள் ‘கனெக்ட்’ அழுத்தினால் *99# என்று டயல் பண்ணும் பழைய வகை என்றால், அந்த டயலை நடத்துவதே அந்தச் சேர்விஸ்தான். அதை மூடினால் 711 என்ற எரர் வந்து நிற்கும். டொங்கிளிலோ சிம்மிலோதான் பிழை என்று காசைச் செலவழிப்பீர்கள். டெலிபோனியையும் அதே காரணத்துக்காகத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஃபாக்ஸ், டெலிபோனி எல்லாம் வழக்கமாக ‘மனுவல்’ நிலையில்தான் இருக்கும். ஏதாவது புரோகிராம் கூப்பிட்டால்தான் ஓடும். ஓடாத ஒன்றை டிசேபிள் பண்ணி என்ன லாபம்?

விண்டோஸ் அப்டேட்டையும் தொடாதீர்கள். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது என்றாலும் விண்டோஸோடு வரும் அன்டிவைரஸான டிஃபென்டருக்கு வைரஸ் விபரம் இன்னும் அந்த வழியாகத்தான் வருகிறது. பென் டிரைவ் கொண்டு வருகிறவர்களை நம்பி நடக்கும் கடை உங்களுடையது.

இனி அந்த விசித்திரத்துக்கு வருவோம். அது விசித்திரமே இல்லை. விண்டோஸ் 10இல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒழுங்காக ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உள் பகுதியையும் ஓடிக்கொண்டிருந்த சிஸ்டம் சேர்விஸ்களையும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைகிறது. அடுத்த முறை எழுதி வைத்ததை வாசித்து எழும்புகிறது. நம்பாவிட்டால் டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சிபியூவைக் கிளிக் பண்ணி ‘அப் டைம்’ என்ற இடத்தைப் பாருங்கள். இரவு அணைத்திருந்தாலும் நாட்கணக்கில் ஓடுவதாகக் காட்டும். கரண்ட் திடீரென்று நின்றால் எழுதி வைக்க நேரமில்லை. அடுத்த முறை எல்லாச் சேர்விஸும் முதலிலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அதுதான் அந்தப் பத்து நிமிடம். ஆகவே கரண்ட் நின்றாலும் கொஞ்ச நேரம் பற்றரியில் ஓட வைக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள். ஷட் டவுன் பண்ணும் அளவுக்கு அது தாக்குப்பிடித்தால் போதும்.

சரி, உண்மையில் பாரம் எங்கே இருக்கிறது? அநேகமாக விண்டோஸில் இல்லை, பிறகு ஏற்றினவற்றில். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும், அதில் ‘ஸ்டார்ட்அப்’ பக்கத்தைப் பாருங்கள். அப்புறம் விண்டோஸ் கீயும் ஆரும் அழுத்தி எம்எஸ்கொன்ஃபிக் (msconfig) என்று ஆங்கிலத்தில் அடித்து, சேர்விசஸ் பக்கத்தில் கீழே ‘ஹைட் ஓல் மைக்ரோசொஃப்ட் சேர்விசஸ்’ என்பதற்கு டிக் போடுங்கள். மிஞ்சுவதை இங்கே எழுதுங்கள்.

ஒட்டுசுட்டான் கடை:
நன்றி அண்ணை. பார்த்தேன். வாங்கும்போதே இருந்த, காலம் முடிந்த அன்டிவைரஸ் ஒன்று. அதோடு பிறகு போட்ட இன்னொரு அன்டிவைரஸ். இப்போது பாவிக்கும் டொங்கிளின் சொஃப்ட்வெயர், எறிந்துவிட்ட பழைய டொங்கிளின் சொஃப்ட்வெயர். பழுதாகிப்போன ஸ்கானரின் சொஃப்ட்வெயர். கொரோனா நேரத்து ஒன்லைன் வகுப்புக்குப் போட்ட மீட்டிங் அப். பிறின்டர் கம்பனியின் பெயரிலும் ஒன்று இருக்கிறது.

ஏ9 ரிப்பெயர்:
பார்த்தீர்களா, வீடியோப் பட்டியலில் இதில் ஒன்றுகூட இல்லை.

முதலில் ஒரு ரீஸ்டோர் பொயின்ட் எடுத்து வையுங்கள், ஏதாவது பிழைத்தால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். பிறகு அன்டிவைரஸ் இரண்டில் காலம் முடிந்ததைக் கட்டாயம் அன்இன்ஸ்டோல் பண்ணுங்கள். இரண்டும் ஒரே ஃபைலைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பதுதான் உங்கள் டிஸ்க்கைக் கொல்கிறது. என்னைக் கேட்டால் மற்றதும் தேவையில்லை. அதையும் எடுத்தால் டிஃபென்டர் தானாகவே வேலையைத் தொடங்கும். பழைய டொங்கிள், ஸ்கானர் இரண்டையும் அன்இன்ஸ்டோல். மீட்டிங் அப்பை ஸ்டார்ட்அப்பில் மட்டும் டிசேபிள் பண்ணுங்கள், தேவையானபோது நீங்களே திறக்கலாம். பிறின்டர் கம்பனியின் சேர்விஸை உடனே அழிக்க வேண்டாம். விண்டோஸ் கீயும் ஆரும் அழுத்தி services.msc என்று அடித்தால் வரும் சேர்விசஸ் விண்டோவில் அதை மனுவலில் போட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, ஒரு பக்கம் பிறின்ட் எடுத்துப் பாருங்கள். வந்தால் அப்படியே இருக்கட்டும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஏதாவது நின்றால் எதனால் என்று தெரியாமல் போய்விடும்.

ஒட்டுசுட்டான் கடை:
செய்தேன் அண்ணை, பெரிய வித்தியாசம். பிறின்டரும் வேலை செய்கிறது. ஆனால் பழைய டொங்கிளை அன்இன்ஸ்டோல் பண்ணியும் அதன் சேர்விஸ் மட்டும் பட்டியலில் இன்னும் நிற்கிறது.

ஏ9 ரிப்பெயர்:
அது வழமைதான். சேர்விசஸ் பட்டியலில் அதை டபிள் கிளிக் பண்ணினால் மேலே ‘சேர்விஸ் நேம்’ என்று ஒன்று இருக்கும். பட்டியலில் தெரியும் பெயரும் அதுவும் வேறாக இருக்கலாம். மேலே உள்ளதையே எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டு சேர்விசஸ் விண்டோவை மூடுங்கள். மூடாவிட்டால் அழித்தாலும் ரீஸ்டார்ட் வரை பெயர் போகாமல் நிற்கும். கமாண்ட் புரொம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலத்தில் எஸ்சி (sc), இடைவெளி, டிலீட் (delete), இடைவெளி, அந்தப் பெயர் என்று அடியுங்கள். பெயருக்குள் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இதற்கு ‘அன்டூ’ கிடையாது. இப்போது பாவிக்கும் டொங்கிளின் பெயர் இல்லைத்தானே என்று இரண்டு தரம் பாருங்கள்.

மல்லாவிப் பொடியன்:
அண்ணை, அப்ப சிஸ்மெயினை என்ன செய்யிறது? அதை ஒருத்தரும் சொல்லேல்லை.

ஏ9 ரிப்பெயர்:
நல்ல கேள்வி. அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ராமுக்குள் ஏற்றி வைப்பதுதான் அதன் வேலை. முந்தி சூப்பர்ஃபெட்ச் என்று பெயர். 4 ஜிபி ராமில் சில கொம்பியூட்டர்களுக்கு அது உதவும், சிலவற்றில் டிஸ்க்கை 100 வீதத்தில் பிடித்து வைத்திருக்கும். அக்கா, டெஸ்க்டொப் வந்த பிறகும் டாஸ்க் மனேஜரில் டிஸ்க் 100இலேயே நின்றால் மட்டும் சிஸ்மெயினை ‘ஸ்டொப்’ பண்ணிப் பாருங்கள். இறங்கினால் டிசேபிள், இறங்காவிட்டால் திரும்ப ‘ஸ்டார்ட்’. கையில் காசு வரும்போது யூபிஎஸ்ஸுக்கு அடுத்ததாக ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். அதற்குப் பிறகு இந்தச் சேர்விஸ் கதை எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

ஒட்டுசுட்டான் கடை:
டிலீட் பண்ணினேன், போய்விட்டது. டிஸ்க்கும் கொஞ்ச நேரத்தில் இறங்குகிறது, அதனால் சிஸ்மெயினைத் தொடவில்லை. யூபிஎஸ் வாங்க வவுனியா போகத்தான் வேண்டும். 650 விஏ போதுமா?

ஏ9 ரிப்பெயர்:
கொம்பியூட்டருக்கும் மொனிட்டருக்கும் போதும். லேசர் பிறின்டரையோ போட்டோக் கொப்பி மெஷினையோ அதில் செருகிவிடாதீர்கள்.