திருச்சி – சிங்கப்பூர்: டிக்கெட்ல ஆறரை மணி நேரம், திரும்பி வர ஒன்றரையா?

நாகலூர்க்காரன்:
வணக்கம்ங்க. சிங்கப்பூர்ல இருக்கிற தங்கச்சிக்கு ரெண்டாவது பிரசவம், அம்மாவை அனுப்புறோம். திருச்சியில ராத்திரி 1.10க்கு ஏறினா காலையில 7.40க்கு இறங்கும்னு போட்டிருக்கு. திரும்பும்போது ராத்திரி 9.50க்கு ஏறி 11.20க்கே திருச்சியாம். அம்மாவுக்கு முழங்கால் வலி. நிஜமா எவ்வளவு நேரம் உட்காரணும்? பெங்களூர்ல ஏறினா சீக்கிரம்னு மாமா சொல்றார்.

அஸ்தம்பட்டி அக்கா:
தம்பி, ரெண்டு கணக்கும் சரிதான். ஏறுற நேரம் ஏறுற ஊர் நேரம், இறங்குற நேரம் இறங்குற ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மளை விட இரண்டரை மணி நேரம் முன்னாடி. ஆறரையில இரண்டரையைக் கழிங்க, ஒன்றரையோட இரண்டரையைக் கூட்டுங்க. எப்படிப் பார்த்தாலும் நாலு மணி நேரம். வான்வழியில தூரம் கிட்டத்தட்ட 2,980 கிலோமீட்டர்.

அம்மாவைச் சோர்வாக்கப் போறது அந்த நாலு மணி நேரம் இல்ல. மூணு மணி நேரம் முன்னாடி, அதாவது முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கே திருச்சி ஏர்போர்ட்ல இருக்கணும். அது புதுக்கோட்டை ரோட்டுல, ஊரைத் தாண்டி இருக்கு. ஏற்காடு மலையில நாகலூர்ல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் சேலத்துக்கு இறங்கி, நாமக்கல், தொட்டியம், முசிறின்னு போகணும். பனி இறங்குறதுக்குள்ள, சாயங்காலம் நாலு மணிக்கே மலை இறங்கிடுங்க. அப்போ வீட்டு வாசல்ல இருந்து சிங்கப்பூரோட சாங்கி ஏர்போர்ட் வரைக்கும் பதிமூணு மணி நேரம் ஆச்சு.

பெங்களூர் வேண்டாம். அங்கிருந்து சுமார் 3,180 கிலோமீட்டர், வானத்துல கால் மணி நேரம்தான் கூட. ஆனா ஏர்போர்ட் இருக்கிற தேவனஹள்ளி, பெங்களூருக்கு வடக்கே இருக்கு. தொப்பூர் கணவாய், ஓசூர் தாண்டி பெங்களூர் முழுசையும் கடந்து போகணும். வலிக்கிற காலோட அந்த டிராஃபிக்ல அம்மாவை உட்கார வைக்காதீங்க.

சக்கர நாற்காலி வேணும்னு விமான கம்பெனிக்கு இப்பவே சொல்லிடுங்க, சாங்கியில நடை ரொம்ப அதிகம். நடைபாதை ஓர சீட்டா வாங்குங்க, அப்பப்போ எழுந்து நிக்கலாம்.

ஓமலூர் வாசகன்:
அக்கா சொன்னதுதான் சரி. எங்க காமலாபுரத்துல இருக்கிற சேலம் ஏர்போர்ட்ல இருந்து வெளிநாட்டுக்கு நேரடி விமானம் இல்லாதது பெரிய குறை. இன்னொன்னு, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்துல கிழக்குக் காத்து பலமா வீசும். அந்த மாசங்கள்ல போறதுக்குக் கொஞ்சம் கூடுதலாகும், வர்றது சுருக்கா முடியும். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குறதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள அவங்க அரசு தளத்துலேயே நிரப்புங்க. காசே கிடையாது, கேட்கிற தளத்துல கட்டிடாதீங்க.

நாகலூர்க்காரன்:
ரொம்ப நன்றி, திருச்சியே போட்டுடுறேன். அம்மா காலையில ஏழு மணிக்கு சுகர் மாத்திரை போடுவாங்க. அங்க இறங்கினதும் கொடுக்கலாமா?

அஸ்தம்பட்டி அக்கா:
அங்க 7.40ன்னா நம்ம ஊர்ல விடிகாலை 5.10தான். முந்தின மாத்திரைக்கும் இதுக்கும் இடைவெளி குறையும். சாப்பாட்டு நேரமும் மாறும். கிளம்புறதுக்கு முன்னாடி அம்மாவோட டாக்டர்கிட்ட கேட்டு, நேரத்தைச் சீட்டுலேயே எழுதி வாங்கிடுங்க. மாத்திரையும் சீட்டும் கைப்பையில இருக்கட்டும், பெட்டியில போட வேண்டாம்.