கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள்ள கேமரா டியூப் விட்டு பாக்கறது) சாதா லைட்லயா, என்பிஐலயா (நீலம், பச்சை மட்டும் விழற லைட்), இல்ல சிடி ஸ்கேனா? பண்ணிக்கிட்டவங்க அனுபவத்த சொல்லுங்க

மதுரைக்காரன்:
எங்கப்பாவுக்கு 55 வயசுல பெருங்குடல் கேன்சர், அதனால பிள்ளைங்க எல்லாரும் 40லயே பாத்துரணும், 5 வருஷத்துக்கு ஒருதடவ திரும்பவும் பாக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு, நான் பயந்துக்கிட்டே தள்ளிப்போட்டு 42லதான் போனேன். அது ஒரு சின்ன சென்டர், வெள்ளை லைட் மட்டும்தான். குடல சுத்தம் பண்ற பவுடர் கரைச்ச தண்ணி 2 லிட்டர்ல ஒண்ணரை உள்ள போனதுமே குமட்டிருச்சு, மிச்சத்த வாஷ்பேசின்ல ஊத்திட்டேன் (வீட்டம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது). ரிப்போர்ட்ல நார்மல், கீழ பொடி எழுத்துல "பிரிபரேஷன் ஃபேர்"னு ஒரு வரி, அதாவது குடல் சுமாராத்தான் சுத்தமாயிருக்குன்னு, அத யாரு பாத்தா. போன மாசம் ரெண்டாவது தடவ, வேற ஆஸ்பத்திரி, அங்க என்பிஐ இருக்கு. வலது பக்கம் 8 மிமீல தட்டையா ஒரு பாலிப் (சதை வளர்ச்சி), அடினோமாவாம், விட்டா பின்னாடி கேன்சரா மாறக்கூடிய வகை, அப்பவே எடுத்துட்டாங்க. இது புதுசா வந்ததா, இல்ல அன்னிக்கே இருந்து தப்பிச்சதான்னு மண்டைய குடையுது. தம்பிக்கு 41, அவன என்பிஐ இருக்கற இடமா பாத்துதான் கூட்டிட்டு போகணுமா?

ஸ்கோப் ரூம்:
நான் எண்டோஸ்கோபி டெக்னீஷியன்ணே. என்பிஐங்கறது தனி டெஸ்ட் இல்ல, ஸ்கோப்புல ஒரு பட்டன், அவ்வளவுதான். அமுக்குனா 415, 540 நானோமீட்டர்ல நீலமும் பச்சையும் மட்டும் விழும், அத ரத்தம் உறிஞ்சிக்கறதால ரத்தக்குழாய் பின்னல் கரும்பழுப்பா எடுப்பா தெரியும். ஒலிம்பஸ் கம்பெனி ஸ்கோப்புல இந்தப் பேரு, ஃபுஜி கம்பெனில இதே மாதிரி ஒண்ண பிஎல்ஐம்பாங்க. எங்க டாக்டர் தேடறதெல்லாம் வெள்ளை லைட்லதான், ஏதாச்சும் கண்ணுல பட்டா பட்டன அமுக்கி அடினோமாவா, இல்ல பெருசா ஆபத்தில்லாத ஹைப்பர்பிளாஸ்டிக்கான்னு உத்துப் பாப்பாரு. குடல் சுத்தமா இல்லைன்னு வையுங்க, தேங்கி நிக்கற மஞ்சத்தண்ணி என்பிஐல ரத்தமாட்டம் செவப்பா தெரியும், தலைல கைய வச்சுக்கிட்டு திரும்ப வெள்ளைக்கே வந்துருவாரு. அப்புறம் ஸ்கோப்ப வெளிய உருவும்போதுதான் நல்லா பாக்கறது, அதுக்கு கொறஞ்சது 6 நிமிஷம். எந்த லைட்னு கேக்கறதுக்கு முன்னாடி உருவறதுக்கு எவ்வளவு நேரம் எடுப்பீங்கன்னு கேளுங்க, கோச்சுக்க மாட்டாங்க.

பச்சைக்கட்டம்:
எனக்கு ஏஐ வச்சு பாத்தாங்க, மயக்கம் லேசாதான் குடுத்தாங்கங்கறதால ஸ்க்ரீன பாத்துக்கிட்டே இருந்தேன். பாலிப் மாதிரி தெரிஞ்சா பச்சைக்கட்டம் போடுது, நுரைக்கும் போடுது, மடிப்புக்கும் போடுது. டாக்டர் சிரிச்சுக்கிட்டே தள்ளிக்கிட்டு போனாரு.

சிங்கப்பூர் அக்கா:
அம்மாவுக்கு 78, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, அதனால சிடி கொலனோகிராபி, அதாவது குடல சிடி ஸ்கேன்ல பாக்கறது. மயக்கமே இல்ல, பின்னாடி சின்ன டியூப் வச்சு காத்தடிச்சு மல்லாக்க ஒருதடவ, குப்புற ஒருதடவ எடுத்தாங்க, சீக்கிரமே முடிஞ்சது. ஆனா ஒரு 10 மிமீ பாலிப் தெரிஞ்சிருச்சு, சிடில வெட்டி எடுக்க முடியாதே, பாவம் ரெண்டாவது தடவயும் அந்த தண்ணிய குடிக்க வச்சு கொலனோஸ்கோபிக்கே போனோம்.

குடல் கதை:
12 வருஷமா அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல்ல புண்ணாகற நாள்பட்ட நோய்), அதனால எனக்கு சாயம் தெளிச்சு பாப்பாங்க, இண்டிகோ கார்மைன், நீலக்கலர். வயல் வரப்புக்கு நடுவுல தண்ணி நிக்கற மாதிரி சாயம் பள்ளத்துல தேங்கிக்கும், மேடு தனியா துருத்திக்கிட்டு தெரியும். நேரம் ரொம்ப இழுக்கும். மறுநாள் டாய்லெட்ல நீலமா போனா அலறாதீங்க, நான் அலறியிருக்கேன்.

மதுரைக்காரன்:
ஸ்கோப் ரூம் தம்பி, இப்பதான் புரியுது, ரெண்டாவது தடவ பாதிய ராத்திரியும் பாதிய விடியக்காலையும் குடிக்க சொன்னாங்க, கீரை, கொய்யா, தக்காளி எல்லாத்தையும் முன்னாடியே நிறுத்திட்டேன், நடுவுல இளநி குடிச்சதால ஒருமாதிரி இறங்கிருச்சு. என் தம்பிக்கு வியாழக்கிழமை தேதி போட்டாச்சு. விடியக்காலை அவன் குடிக்கும்போது வாஷ்பேசின் பக்கத்துல நாந்தான் நிப்பேன்.