தொடையில் சார்கோமா: கீமோவோடு வெப்ப சிகிச்சை எடுத்தவர்கள் உண்டா?

அண்ணனுக்கு வலது தொடையில் ஆழமாக மென்திசு சார்கோமா (தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய்). 9 செ.மீ., கிரேடு 3 (வேகமாக வளரும் வகை). சிடி ஸ்கேனில் நுரையீரலுக்குப் பரவவில்லை. அறுவைக்கு முன் டாக்ஸோரூபிசின், ஐபாஸ்பமைடு என்ற கீமோ மருந்துகள் தொடங்கப்போகிறார்கள்.

கீமோ நாளிலேயே கட்டிப் பகுதியை ஒரு மணி நேரம் 40–43 டிகிரிக்குச் சூடாக்கும் முறை பற்றி, 341 பேரிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வைப் படித்தோம். 2018இல் வெளியான முடிவில் 10 ஆண்டு உயிர்வாழ்வு 52.6%, வெப்பம் இல்லாதவர்களுக்கு 42.7%. சும்மா தள்ளிவிடக்கூடிய வித்தியாசம் இல்லை.

எங்கள் மருத்துவர் மறுக்கவில்லை, கருவிதான் இல்லை. இன்னொரு மையத்தில் இருப்பது தோலுக்கடியில் சில செ.மீ. மட்டுமே எட்டும். பிசியோதெரபியில் சூடு கொடுக்கும் டயதெர்மி கருவி போதுமா என்று கேட்டோம், கூடவே கூடாது என்றார்கள். (ஒத்தடம் கொடுக்கச் சொல்லும் உறவினர்கள் தனிக் கதை.) வெப்ப சிகிச்சைக்குத் தடையாக அண்ணன் உடம்பில் உலோகமோ பேஸ்மேக்கரோ கிடையாது.

கீமோ ஓரிடம், வெப்பம் வேறிடம் என ஒரே நாளில் எடுத்தவர்கள் எப்படி ஏற்பாடு செய்தீர்கள்?