மறு: புரொட்டீன் ஸ்கிம்மருக்குத் தமிழ் – நுரைவாங்கி?

> புரதநீக்கி எண்டு வைச்சா என்ன? நேர்ச்சொல், எல்லாருக்கும் விளங்கும்.

அண்ணை, விளங்கும்தான், ஆனா பிழையா விளங்கும். கடல்மீன் தொட்டித் தண்ணியைச் சுத்தமாக்கிற அந்தச் சாமான் புரதத்தைத் தேடிப் பிடிக்கிறேல்ல. பம்ப் காத்தை உறிஞ்சி உப்புத்தண்ணியோட சேர்த்து அடிக்கப் பொடிப்பொடிக் குமிழா வரும், மீன்ட கழிவு, மிஞ்சின தீனி எண்டு தண்ணியில கரைஞ்சு கிடக்கிறதில கனக்க அந்தக் குமிழில ஒட்டிக்கொண்டு மேல ஏறி, நுரையாகிக் கழுத்தால வழிஞ்சு கிண்ணத்துக்குள்ள விழும். புரதம் அதில ஒரு பங்கு, அவ்வளவுதான். வாடைக்காலத்தில திருகோணமலை உப்புவெளிக் கரையில நுரை ஒதுங்கிறதும் இதே சங்கதிதான், அங்க பம்புக்குப் பதிலா அலை. நல்லதண்ணித் தொட்டியில இது சரிவராது, குமிழ் பெருத்துக் கெதியா உடைஞ்சுபோகும். அதால பேர் நுரையில துவங்கோணும் எண்டதுதான் என்ட கட்சி.

நுரைவழிப்பான் எண்டு முதல் ஒராள் சொன்னவர். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பருப்பு அவியேக்க அகப்பையால வழிக்கிற மாதிரி இங்க ஒருத்தரும் வழிக்கிறேல்லயே, நுரை தானா ஏறி வருது, சாமான் வாங்கிக்கொள்ளுது. மைக்குக்கு ஒலிவாங்கி எண்டு ரேடியோவில சொல்லிச் சொல்லி எங்கட ஆக்களுக்குப் பழகிப்போன அச்சு அது. நுரைவாங்கி எண்டா கடையில கேக்கவும் வாய் கூசாது. நுரைதாங்கி மட்டும் வேண்டாம், தாங்கி எண்டா இங்க மொட்டைமாடியில இருக்கிற தண்ணித்தாங்கிதான்.

> அப்ப கப்புக்கு நுரைக்கோப்பையோ?

எங்கட வீட்டில கோப்பை எண்டா சோறு தின்னுற தட்டு. கிண்ணம் எண்டே விடுவம்.

சொல் உழைக்குமோ எண்டு பாக்கிறதுக்கு வேலைக்குறிப்பில போட்டுப் பாக்கோணும். இப்பிடி: கிழமைக்கு ஒருக்காவாவது நுரைவாங்கிட கிண்ணத்தைக் கழட்டி ஊத்திப்போட்டு, கழுத்தின்ட உள்பக்கத்தில பிடிச்சிருக்கிற அந்த மண்ணிற அழுக்கைப் பழைய பல்லு பிரஷால தேய்ச்சுக் கழுவு, அது தடிச்சா நுரை ஏறாமக் கழுத்திலயே செத்துப்போகும். சவுக்காரம் போடாத. கழுவி மாட்டின கையோட நுரை வராது, கைப்பட்ட எண்ணெய்ப்பசை போகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுக்காக வால்வைத் திருகித் திருகி விளையாடாத. பம்பைச் சில மாசத்துக்கு ஒருக்காக் கழட்டி வினாகிரியும் தண்ணியும் கலந்து ஊறவிட்டா உள்ள படிஞ்ச சுண்ணாம்பு கரையும்.

எனக்கு இடறினதா ஒண்டும் இல்ல. வாசிச்சுப் பாருங்கோ.

> தொட்டி விளிம்பில உப்புப் படிஞ்சு பரவுற சோல்ட் கிரீப்புக்கு என்ன சொல்லுறது? உப்பு ஊர்தல் எண்டு யோசிச்சன்.

ஊர்தல் ஏன் தம்பி, கிணத்துக்கட்டிலயும் சுவரிலயும் வெள்ளையாப் பிடிச்சா உப்புப் பூத்துட்டுது எண்டுதானே சொல்லுறம். உப்புப்பூப்பு எண்டு போடுங்கோ, முடிஞ்சுது. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில இது இன்னும் மோசம், தண்ணி வத்துற வேகத்துக்கு மூடி விளிம்பு, வயர், லைட் எல்லாத்திலயும் பூக்கும். வத்தினதுக்கு நல்லதண்ணிதான் விடோணும், உப்புத்தண்ணி விட்டா உப்பு ஏறிக்கொண்டே போகும், ஏனெண்டா ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான். 1.025இல நிக்கிற தொட்டித் தண்ணிட ஒப்படர்த்தி ஏறுறதை மீன் சொல்லாது, உப்பு அளக்கிற ரெஃப்ராக்டோமீட்டர்தான் சொல்லும்.

நுரைவாங்கிட காத்துக்குழாய் பம்போட சேருற முனையிலயும் பூக்கும், அதைத்தான் கனபேர் கவனிக்கிறேல்ல. குமிழ் குறைஞ்சா உடன பம்ப் பழுது எண்டு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள். பம்ப் ஓடேக்கயே அந்தக் குழாய்ட மற்ற முனையை ஒரு கப் இளஞ்சூட்டு நல்லதண்ணிக்குள்ள கொஞ்சம் வைச்சா அதுவே உறிஞ்சி அடைப்பைக் கரைச்சுப்போடும். வயரில பூத்தது வேற கதை, அது பிளக் வரைக்கும் போனா ஆபத்து. வயர் பிளக்குக்குக் கீழ ஒருக்காத் தொங்கி வளைஞ்சு பிறகு மேல போகோணும், அப்பத்தான் வழியிற தண்ணி வளைவில சொட்டும். அந்த வளைவுக்கும் பேர் இல்ல. சொட்டுவளைவு?

பம்புக்குள்ள சுத்துற இம்பெல்லர்தான் மிச்சம். விசிறி எண்டா முகட்டில சுத்துறதோட குழம்பும், சுழலி எண்டு எழுதிவைக்கிறன். வேற சொல் இருந்தா வெள்ளிக்கு முதல் போடுங்கோ, பிறகு சொற்பட்டியலைப் பூட்டிப்போடுவன்.